துமார் அனுப்பிய பதினோரு வரிகள்

சைரகுல் படித்துச் சரி சொல்லாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. பிஷ்கெக் நகரத்து நிறுத்தங்களில் அடுத்த பஸ் எப்போது வரும் என்று காட்டும் பலகைகளுக்கு புரோகிராம் எழுதும் சின்ன அலுவலகம் அது. அவளுக்குப் பயப்படாதவர்கள் அங்கே குறைவு.

அன்று காலை வந்தது துமார் அனுப்பிய மாற்றம். குழந்தை பிறந்து ஏழு மாதமாக வீட்டில் இருப்பவள். பஸ் எண்ணைக் கொடுத்தால் அதன் விவரத்தை எடுத்துத் தரும் ஹாஷ் டேபிளில், புதுப் பதிவு சேரும்போது தொடக்க மதிப்புகளை மூன்று இடங்களில் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். அதையெல்லாம் ஒரே ஃபங்ஷனாக்கியிருந்தாள். பதினோரு வரி. 'சும்மா ஒரு சுத்தம், வேறு மாற்றமில்லை' என்று குறிப்பு.

சைரகுல் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். முதல் இரண்டு இடமும் சரி. மூன்றாவதில், பஸ் கடைசியாக வந்த நேரத்தைப் பூஜ்யமாக்கும் வரி பழையதில் இல்லவே இல்லை. டேபிளில் முன்பு அதே இடத்தில் பதிவாகியிருந்த வேறொரு பஸ்ஸின் நேரம் அப்படியே தங்கிவிடும். இரண்டு குளிர்காலமாக வராத பஸ்ஸை வருவதாகப் பலகை காட்டியதும், ஜனங்கள் பனியில் நின்று திட்டியதும் இதனால்தான். பழையதை எழுதியது யார் என்று பார்த்தாள். அவளேதான்.

துமாருக்குப் போன் செய்தாள்.

"சுத்தம்னு எழுதியிருக்கியே, தெரிஞ்சுதானே எழுதின?"

துமார் தயங்கினாள். "எல்லாரும் படிப்பாங்களேக்கா. நான் சேர்ந்த புதுசுல என் தப்பை எல்லார் முன்னாடியும் நீங்க எழுதினீங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். உங்களுக்கு அது வேணாம்னு தோணுச்சு."

சைரகுல் மன்னிப்புக் கேட்டாள். பழக்கமில்லாத வேலை, பாதியில் இருமல் வந்துவிட்டது.

"குறிப்பை மாத்து. என்ன தப்புன்னு எழுது. இல்லேன்னா நாளைக்கு யாராவது இதையே திரும்பச் செய்வாங்க."

மாற்றிய குறிப்பில் தவறு இருந்தது, பெயர் இல்லை. 'தவறு என்னுடையது, கண்டுபிடித்தவள் துமார்' என்று அதன் கீழே தானே எழுதி, சரி கொடுத்தாள் சைரகுல். அந்த வாரமே பலகைகள் ஒழுங்காகிவிட்டன.

சனிக்கிழமை சைரகுல் போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரித்து எடுத்துக்கொண்டு துமார் வீட்டுக்குப் போனாள். குழந்தை அவள் மடியிலேயே தூங்கிப்போனது. எழுப்ப மனமில்லாமல், கால் மரத்துப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.