என்னைக் கொண்டு பிறக்க வேண்டும் என்று கேட்டேன்

காலை ஆறு நாற்பது. நான் முதலில் பார்த்தது என் மகனின் உள்ளங்கால்களை. இரண்டும் மஞ்சளாக இருந்தன. அவன் பிறந்து பத்து மணி நேரம்கூட ஆகவில்லை. நர்ஸ் துணியை விலக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் என் கணவர் வெறுங்கையோடு வந்தார்.

அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மகன் போன பிறகும் எனக்குப் பால் சுரந்தது. பால் வற்ற மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை அழும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

என் ரத்தம் ஓ நெகட்டிவ். கணவருடையது ஓ பாசிட்டிவ். பாசிட்டிவ் குழந்தையின் ரத்தம் நெகட்டிவ் தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடல் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்து வரும் பாசிட்டிவ் குழந்தையின் ரத்த அணுக்களை அது அழிக்கும். தடுக்க ஊசி உண்டு. கரு கலைந்தாலும் அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

"இதுக்கு முன்னாடி எதுவும் கலைஞ்சிருக்காம்மா?"

கலைந்திருந்தது. மகனுக்கு முந்தைய வருடம், வீட்டிலேயே. "மூணு மாசந்தானே, அங்கிட்டு இங்கிட்டு சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றார் அத்தை, என் கணவரின் தாயார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மகனைச் சுமந்தபோதும் இதுதான் தலைப்பிள்ளை என்று சொல்லி அட்டையில் எழுத வைத்தோம். இப்போது என் உடல் பழகிவிட்டது. இனி அந்த ஊசியால் பயனில்லை.

திருக்கோகர்ணத்து அரைக்காசு அம்மனிடம் தொலைந்ததைத்தான் கேட்பார்கள். சாவி, பத்திரம், தோடு. கிடைத்தால் வெல்லம் வைப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் போனேன். போன பிள்ளை திரும்பி வராது. என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றுவிட்டு டவுன் பஸ் ஏறுவேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானேன். டாக்டரம்மா என் கணவரைக் கூப்பிட்டார்.

"அப்பாகிட்ட ரெண்டு பங்கும் பாசிட்டிவ்னா எல்லாப் பிள்ளையும் பாசிட்டிவாத்தான் வரும். ஒரு பங்கு நெகட்டிவ் ஒளிஞ்சிருந்தா பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. ஒங்க அப்பா அம்மாவுக்கு என்ன குரூப்?"

மாமனார் காலமாகிவிட்டார். அத்தை வெளியே பெஞ்சில் இருந்தார்.

"எனக்கெதுக்குடா ஊசி? நானா உண்டாகியிருக்கேன்?"

"ஒரு சொட்டுத்தான் ஆத்தா. கைய நீட்டு."

"சொன்ன பரிகாரத்த ஒன் பொண்டாட்டி செய்யல. எங்கையில குத்த வந்துட்டான்."

நீட்டினார். அறுபத்து மூன்று வயதில் முதல் முறையாக அவருக்கு ரத்த வகை பார்த்தார்கள். ஓ நெகட்டிவ்.

"இவருக்கு அடுத்து பிள்ளைங்க உண்டாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மூணு. ஒண்ணும் தங்கல. நாகதோஷம்னு சொன்னாங்க."

"ஒங்களுக்கு வந்ததுதாம்மா ஒங்க மருமகளுக்கும் வந்திருக்கு."

அத்தை பஸ் ஸ்டாண்டு வரை என் மணிக்கட்டைப் பிடித்தபடி நடந்தார். அவர் நெகட்டிவ் என்பதால் அந்தப் பங்கு ஒன்று என் கணவரிடம் இருந்தே தீர வேண்டும். பாதி வாய்ப்பு எங்களுக்கு இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ரத்தத்தில் பிள்ளை என்னைக் கொண்டு பிறக்க வேண்டும். என் கணவர் வாய்விட்டே வேண்டினார். "தாயே, என்னையக் கொள்ள வேணாம். அவளையே கொண்டு பொறக்கட்டும்."

"அப்பத்தாளக் கொண்டு பொறக்கட்டும்னு சொல்லுடா" என்றார் அத்தை. நாங்கள் மூவரும் சன்னதியில் சிரித்துவிட்டோம். பிறகு மூவரும் அழுதோம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். குழந்தைக்கு ரத்தம் குறைகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் "நல்லாருக்கு, போயிட்டு வாங்க" என்றார். கையில் குழந்தை இல்லாமல் இன்னொரு முறை வீடு திரும்ப என்னால் முடியாது என்று மட்டும் அம்மனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்று பத்துக்கு மகள் பிறந்தாள். முகம் அப்பாவை உரித்து வைத்திருந்தது. தொப்புள்கொடி ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். ஒரு மணிக்குச் சீட்டு வந்தது. ஓ நெகட்டிவ். அவளை என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் திரும்பத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

முப்பது நாள் கழித்து வெல்லம் வைத்தோம். பாதி வாய்ப்பு என்று டாக்டரம்மா சொன்னது உண்மை. அந்தப் பாதியை எங்களுக்குத் தந்தவள் அம்மன் என்று நான் நம்புகிறேன். பிள்ளைக்காக ஏங்கும் சகோதரிகளே, அவளிடம் கேளுங்கள். என்ன கேட்பதென்று தெரியாவிட்டாலும் போய் நில்லுங்கள். ரத்த வகையையும் பார்த்துவிடுங்கள். கலைந்தது எத்தனை மாதமானாலும் மறைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது பரிகாரப் பேச்சு இல்லை. தெருவில் யார் வீட்டுக்குப் புது மருமகள் வந்தாலும் அத்தை கேட்கும் முதல் கேள்வி "என்ன குரூப்புத்தா?" என்பதுதான். சிரிப்பார்கள். போன மாதம் தெருக்கோடி வீட்டுக்கு வந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. மறுநாளே அத்தை அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பரிசோதிக்க வைத்தார்.

அந்தப் பெண் ஏ நெகட்டிவ்.