நான் உப்புப் போட்ட சோதனை

பத்தாம் வகுப்பு வரை வகுப்பில் நான்தான் முதல். வாலிகண்டபுரத்திலிருந்து பெரம்பலூர் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் அன்றைய பாடத்தை ஒருமுறை மனதுக்குள் ஒப்பித்து முடித்திருப்பேன். பதினோராம் வகுப்பில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா துபாயில் இருந்தார். பெரம்பலூரில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். என் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். முதல் மாதம் எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

செல் சவ்வுப் பாடம் நடந்த அன்று அது மாறிப்போனது. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு தண்ணீரைச் சுலபமாக விடும், உப்பையும் சர்க்கரையையும் அப்படி விடாது, அதனால் அடர்த்தி கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் போகும் என்று டீச்சர் விளக்கினார். "இத வூட்ல எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். சவ்வூடு பரவலின் வரையறையை ஒப்பிக்க நான் கையைத் தூக்கினேன். அவள் எழுந்து, "மாங்காயில உப்பு பிசிறி வச்சா தண்ணி விடுதுல்ல டீச்சர், அதுதானே?" என்றாள்.

டீச்சர் வகுப்பின் பக்கம் திரும்பினார். "புரிஞ்சு படிக்கிறதுன்னா இதுதான்" என்றார்.

எங்கள் வீட்டில் வருடா வருடம் ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் பிசிறுகிறவள் நான். எனக்கு அது தோன்றவில்லை. அன்று வயிறு எரிந்தது. அதன் பிறகு அவள் தலைப்பின்னல், அவள் சிரிப்பு, பேனாவை அவள் மூடும் விதம் எல்லாமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். உருளைக்கிழங்குச் சோதனையை எங்கள் இருவரிடம் கொடுத்தார் டீச்சர். கிழங்கின் தோலைச் சீவி, நடுவில் குழி தோண்டி, சர்க்கரைக் கரைசல் ஊற்றி, அதன் மட்டத்தில் குண்டூசி குத்தித் தண்ணீர்த் தட்டில் வைக்க வேண்டும். வெளித்தண்ணீர் உள்ளே புகுந்து கரைசல் ஊசிக்கு மேலே ஏறும். விளக்கிச் சொல்வது அவள் வேலை. சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.

காலையில் எல்லாம் வைத்துவிட்டு அவள் கை கழுவப் போனாள். வீட்டிலிருந்து காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருந்த தூள் உப்பைத் தட்டுத் தண்ணீரில் கொட்டி விரலால் கலக்கினேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மதியத்துக்கு முன் பார்வையிட வந்த மேடம் எங்கள் மேஜையில் நின்றார். "ஏறும்னு சார்ட்ல போட்டிருக்கு. இங்க இறங்கியிருக்கே?"

அவள் குனிந்து பார்த்தாள். தட்டுத் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"வெளித்தண்ணில உப்பு இருக்குங்க மேடம். உள்ள இருக்குற சர்க்கரைக் கரைசலவிட இது அடர்த்தி. அதனால தண்ணி உள்ளேருந்து வெளிய வந்துருச்சு. சவ்வு தண்ணிய ரெண்டு பக்கமும் விடும். எந்தப் பக்கம் அதிகமா போவுதுன்னு அடர்த்திதான் சொல்லும்."

"யாரு உப்புப் போட்டா?"

"நாங்கதான் மேடம். மாத்தியும் காட்டலாம்னு."

மேடம் சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தட்டினார். பரிசு எங்கள் மேஜைக்குக் கிடைத்தது. அவள் மாட்டிக்கொள்ளாததில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு கெட்டிருந்தது என் மனசு.

ஆனால் அவள் சொன்ன அந்த 'நாங்கதான்' உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை அவள் பின்னாலேயே நடந்து, "உப்பு நான்தான் போட்டேன்" என்றேன்.

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"அந்த மேடம் முன்னாடி தோத்துட்டு நிக்க எனக்கு இஷ்டமில்ல. உனக்காகன்னு நெனச்சுக்காத." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் முன் பெஞ்சுக்கு மாறினாள். அங்கே வேறொருத்தியுடன் அவள் சிரித்துப் பேசுவதைப் பார்த்தபோது அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. இந்தப் பொறாமை முந்தியதைவிட அதிகமாக வலித்தது.

பத்து நாள் கழித்து, ஒப்பிப்பதற்கு அல்லாமல், தெரியாததைக் கேட்க முதல் முறையாக எழுந்தேன். "டீச்சர், ரெண்டு பக்கமும் சமமாயிட்டா தண்ணி போறது நின்னுடுமா?"

டீச்சர் வாய் திறப்பதற்குள் அவள் முன்னாலிருந்து திரும்பினாள். "நிக்காது. ரெண்டு பக்கமும் ஒரே அளவு போயிட்டு வந்துட்டிருக்கும்." என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு என் பெஞ்சுக்கே வந்தாள். "அங்க ஃபேன் இல்ல" என்றாள். நான் நகர்ந்து இடம் விட்டேன்.

பிளஸ் டூ உயிரியலில் அவள்தான் முதல். மார்க் லிஸ்டைப் பார்த்தபோது வயிறு எரியத்தான் செய்தது. அதை அவளிடமே சொன்னேன்.

"எரியட்டும்டி" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேண்டீனுக்கு நடந்தாள்.