சீல் இல்லாத கட்சி

பால்மா டின் ஒன்றுக்குள், பழைய சேலைத் துண்டில் சுற்றிய ரப்பர் சீல் ஒன்று பத்து வருடத்துக்கு மேலாக என் அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. முட்டை வடிவம், மரப்பிடி. ‘இயற்கை நீதிக் கட்சி – செயலாளர்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் வெட்டியிருக்கும். மூன்று வீடு மாறினேன். சாமான் எத்தனையோ தொலைந்தது, இந்தச் சனியன் மட்டும் தொலையவில்லை. எறியவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் துணிவில்லை. இத்தனைக்கும் நான் அதைப் பாவித்தது ஒரே ஒரு தடவை.

கட்சியில் நாங்கள் மூன்று பேர். தலைவர், நான், நாங்கள் நானா என்று கூப்பிடும் கனமூலைத் தேங்காய் வியாபாரி. முந்தலில் தன் கொப்பரைக் கடைக்குப் பின்னால் இருந்த அறையை நானாதான் கட்சிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். தலைவரை நான் சேர் என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருடம் அரசாங்க நில அளவையாளராக வேலை செய்தவர். நாடு முழுக்கக் கோடு கீறிவிட்டு, ஓய்வு பெற்றபின் அரசாங்கம் கீறிய கோடு கூடிப்போயிற்று என்று கட்சி தொடங்கியவர். மனிதனுக்கு உயிரும் உடம்பும் உழைப்பும் பிறப்போடு வந்தவை. ஒருவனுடையதை இன்னொருவன் பறிக்காமல் பார்ப்பது மட்டும்தான் அரசாங்கத்தின் வேலை. மிச்சத்தைச் சனங்களே பார்த்துக்கொள்வார்கள். இதுதான் கொள்கை. பிரதேச சபைத் தேர்தலில் ஒரு தடவை சுயேச்சைக் குழுவாக நின்றோம். தாழ்ப்பாள் சின்னம் கேட்டோம், வாளி கிடைத்தது. விழுந்த வாக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் போட்டிருந்தாலே அதைவிடக் கூட வந்திருக்கும்.

நான் கொள்கைக்காகப் போனவள் இல்லை. இரண்டு பாஷையிலும் டைப் பண்ணத் தெரிந்த ஆள் தேவை என்றார்கள், போனேன். ஆனால் சேருக்கு அந்தக் கொள்கை பிறந்த இடம் எங்கள் கடற்கரை என்று தெரிந்த பிறகு எனக்கும் கொஞ்சம் பெருமை வந்தது உண்மை. வேலையில் இருந்த காலத்தில் எங்கள் கரையை அளக்க வந்தவர், கரைவலை இழுக்கிற இடத்துக்கு யாரிடம் உறுதிப் பத்திரம் இருக்கிறது என்று கேட்டாராம். ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. வாடைக்காற்றுப் பருவம் தொடங்கும் நாளில் வலை சொந்தமாக வைத்திருக்கிற சம்மாட்டிமார் கோவிலடியில் கூடிச் சீட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு எந்த நாள் முறை என்பது அன்றோடு முடிவு. சீட்டைக் கிழித்துக் கடலில் போட்டுவிடுவார்கள், எழுதி வைக்கிற பழக்கமே இல்லை. முறைக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கு வேறு யாரும் வலை போடமாட்டார்கள். மீன் கரைக்கு வந்து துள்ளினாலும் கடல் சும்மா கிடக்கும். காகிதமும் பொலிசும் இல்லாமல் இது எத்தனை தலைமுறையாக நடக்கிறது என்று சேர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். கேட்டுக்கொண்டிருப்பது நானாவும் நானும் வெளியே கட்டியிருக்கும் ஒரு ஆடும்.

சீல் வேண்டாம் என்பதில் மனிதர் பிடிவாதம். கையெழுத்து வைத்த மனிதனை நம்பாதவன் ரப்பர் துண்டையா நம்பப்போகிறான் என்பார். அது அவருக்குச் சரி. கடிதத்தைக் கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவள் நான். ‘சீல் எங்க மிஸ்?’ என்று கேட்டுக் கிளாக்மார் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். ஒருநாள் கோபத்தில் சிலாபம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சீல் வெட்டுகிறவரிடம் போய் ஒன்று செய்வித்துக் கைப்பையில் ஒளித்துக்கொண்டேன். அரசாங்கம் குறைய வேண்டும் என்ற கட்சியின் செயலாளர் களவாகச் சீல் செய்து வைத்திருந்த கதை இதுதான். சிரிப்புக்கு நல்லது, எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அந்த வருடம் எங்கள் கரைக்கு வின்ச் வந்தது. வெளியூர்ச் சம்மாட்டி ஒருவர் இரண்டு உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முப்பது பேர் மணலில் கால் புதைத்து இழுக்கிற வலையை அது சுருட்டி எடுத்துவிடும். அவர் சீட்டுக் குலுக்கலுக்கு வரவில்லை, நினைத்த நாளில் போட்டார். என் அண்ணனும் ஒரு சம்மாட்டி. அப்பா விட்டுப்போன ஒரு வலையும் ஒரு முறையும்தான் எங்கள் வீட்டின் முழுச் சொத்து. அந்த முறை நாளில் அண்ணன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு விடியப் போனபோது, வின்ச்காரரின் வலை ஏற்கெனவே கடலில் நின்றது. வெறுங்கையோடு திரும்பி வந்து குசினி வாசலில் குந்தியிருந்தார். சண்டை பிடிக்கிற மனிதர், காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்குப் பொறுக்கவில்லை.

சேரிடம் ஓடினேன். கோவிலடியில் எல்லாரையும் கூட்டிப் பேசலாம் என்றார். கூட்டினார், வின்ச்காரர் வரவில்லை. இன்னொரு தடவை கூட்டலாம் என்றார். அதற்குள் அண்ணனுடைய அடுத்த முறையும் போயிற்று. அரசாங்கத்துக்கு ஒரு முறைப்பாடாவது எழுதுவோம் என்று கெஞ்சினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அரசாங்கத்தைக் கூப்பிட்டா அது வந்திட்டுப் போகாது பிள்ளை. வந்தா இருந்திடும். இன்னும் ஒரு கிழமை பொறு.”

என்னால் பொறுக்க முடியவில்லை. உம்முடைய கொள்கையைச் சமைத்துச் சாப்பிட முடியுமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, அவர் இல்லாத நேரம் பார்த்துக் கட்சிக் கடிதத் தலைப்பில் மீன்பிடிக் கந்தோருக்குச் சிங்களத்தில் முறைப்பாடு ஒன்று டைப் பண்ணினேன். அவருடைய பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு ஊறியிருந்ததால் கை தானாக ஓடியது. எங்கள் நியாயம் பளிச்சென்று தெரியவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன்: ‘இக்கரையில் வலை இழுக்கும் எவரிடமும் ஒரு துண்டு எழுத்துமூல அனுமதியும் இல்லாதபோதும், தலைமுறை தலைமுறையாக முறை தவறியதில்லை.’ எழுதி முடித்து நானே இரண்டு தடவை வாசித்து மெச்சினேன். கையெழுத்து வைக்காமல், தபால் கந்தோர் மேசையில் வைத்துச் சீலை மட்டும் குத்தினேன். பின்னால் யாரோ வருகிற சத்தம், கை ஆடிவிட்டது. சரிந்து விழுந்த சீலோடு கடிதம் போயிற்று.

ஜீப் வந்தது. கந்தோர்காரர் நல்ல மனிதர்தான், சத்தம்கூடப் போடவில்லை. கரையில் எல்லாரும் கூடிநிற்க, கடிதத்தைச் சிங்களத்தில் ஒவ்வொரு வரியாக வாசித்தார். தமிழில் சொல்லும்படி சேரிடம் கேட்டார். முறைப்பாடு போயிருப்பதே சேருக்குத் தெரியாது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவர், முதல் வரியில் ஒருமுறை நிறுத்தினார், பிறகு ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டு போனார். அனுமதி இல்லை என்ற அந்த வரியையும் சொன்னார். அதைத்தான் கந்தோர்காரர் பிடித்துக்கொண்டார். எழுத்தில் ஒன்றும் இல்லையென்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், ஆகவே அனுமதிப் பத்திரம் உள்ளவர் மட்டும் இனி வலை போடலாம் என்றார். வின்ச்காரர் சேர்ட் பொக்கற்றிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட பத்திரத்தை எடுத்துக் காட்டினார். எங்கள் ஆட்களிடம் காட்ட என்ன இருந்தது? சீட்டைக் கடலில் போட்டுவிட்டோமே. கந்தோர்காரர் கடிதத்தைச் சேரின் கையில் கொடுத்து, இது உங்களுடையதுதானா என்று கேட்டார். சேர் அடியில் இருந்த சீலைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது. வாயைத் திறந்து நான் என்று சொல்ல அப்போது ஒரு விநாடி இருந்தது. நான் சொல்லவில்லை.

“ஓம். எங்கட கட்சிக் கடிதம்தான்.”

அன்றோடு கட்சி முடிந்தது. அரசாங்கம் வேண்டாம் என்று மேடை போட்டவர் அரசாங்கத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று ஊர் முழுக்கக் கதை. சேரின் சைக்கிளைப் பார்த்தால் காறித் துப்பினார்கள். நானா அறையைத் திருப்பி எடுத்துக்கொண்டு கொப்பரை மூட்டை அடுக்கினார். அண்ணன் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார், வரும் வரும் என்று இரண்டு பருவம் பார்த்தார், கடைசியில் வலையை விற்றுவிட்டு இறால் பண்ணையில் காவல் வேலைக்குப் போனார். இன்றைக்கும் கருவாடு கொஞ்சம் உப்புக் கூடினால்கூட, ‘அந்தக் கிழவன்ர கடிதத்தால வந்த வினை’ என்றுதான் தொடங்குவார். நான் சோறு போட்டுக்கொண்டிருப்பேன். கட்சியில் மூன்று பேர், அதில் டைப் பண்ணத் தெரிந்தது ஒரே ஆள். சேருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? படுத்தாலும் இது, பஸ்ஸில் இருந்தாலும் இது. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன், அவர் கேட்காமல் விட்டு என்னைக் கொன்றார்.

நான் என்ன ஆனேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பரீட்சை எழுதிக் கிராம உத்தியோகத்தர் ஆனேன். வதிவிடச் சான்றிதழ், நற்சான்றிதழ், மரம் வெட்ட அனுமதி என்று காலையிலிருந்து சீல் குத்துவதுதான் வேலை. இந்த வருடம் முந்தல் பக்கம் மாற்றம் கிடைத்தது. போன வாரம் வரிசையில் ஐந்தாவது ஆளாகச் சேர் நின்றார். மெலிந்திருந்தார், ஆனால் சேர்ட் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருந்தது. ஓய்வூதியக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் நாங்கள் கையெழுத்துப் போட்டுக்கொடுக்க வேண்டும், அந்தப் படிவத்தோடு வந்திருந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. அண்ணன் சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். அவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்து வைத்துச் சீலைக் குத்தினேன்.

படிவத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“அண்டைக்கு அவசரத்தில சரிச்சுக் குத்திப்போட்டாய் பிள்ளை. இண்டைக்கு நேரா இருக்கு.”

குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. படிவத்தை நாலாக மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டார். அடுத்த ஆள் தன் காகிதத்தை நீட்டியபடி, மிஸ், மிஸ் என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றார்.

அன்று பின்னேரம் அண்ணன் வேலைக்குப் போகுமுன் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பில் புளி தூக்கலாம். இறால் பண்ணைச் சம்பளத்துக்கு இந்தக் குழம்புதான் வரும், எல்லாம் அந்தக் கிழவன்ர கடிதத்தால என்று தொடங்கினார். நான் அகப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன். டின் மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது, கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டியிருந்தது. சேலைத் துண்டை அவிழ்த்துச் சீலை அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அண்ணன் சோற்றுக் கையோடு குனிந்து, இடவலம் மாறியிருந்த எழுத்தை மெல்ல மெல்லக் கூட்டி வாசித்தார்.

“இது ஆர்ர?”

“என்ர” என்றேன்.