வாடை தெரியாத மருந்து

கெலாங் பாத்தாவில் வேலி போட்ட பெரிய குடியிருப்பு ஒன்றில் செல்லம் தோட்ட வேலைக்குச் சேர்ந்த அன்று, தம்பி சுகுமாறன் அவளைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப்போனான்.

“இங்க நான் சூப்பர்வைசர். அக்கான்னு கூப்பிட மாட்டேன். நீயும் தம்பின்னு வாயத் திறந்துடாத. சொந்தக்காரிய உள்ள விட்டேன்னு தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாங்க.”

“சரிங்க சார்,” என்றாள். சொல்லும்போதே வாய் இனித்தது. எஸ்டேட்டில் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு களைப்புல்லைக் கொல்லும் மருந்து அடித்துத்தான் அவனைப் படிக்க வைத்திருந்தாள். “நம்ம சார் சட்டையில ஒரு சுருக்கம் இருக்கா பாத்தியா?” என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பீற்றிக்கொள்வாள். தேய்த்துக் கொடுப்பது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

நுழைவாயிலில் வரிசையாக நின்ற பென்சில் பைன் மரங்களில் உலாட் புங்குஸ் பிடித்தது. இலைத்துணுக்குகளைத் தன்மேல் ஒட்டிச் சின்ன மூட்டையாகக் கட்டிக்கொண்டு, அதற்குள் இருந்தபடியே மரத்தை மொட்டையடிக்கும் புழு அது. விருந்து வருகிறது, அதற்குள் ஒழித்தாக வேண்டும் என்றார் மேனேஜர் சைஃபுல்லா.

“மக்சிக், மருந்து அடிச்சிடுங்க,” என்றான் சுகுமாறன். பெயர் தெரியாத வயதான பெண்களை மலாய் மொழியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கொட்டகையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. இரண்டிலும் எழுத்து அழிந்திருந்தது.

“இதுல எது சார் பூச்சி மருந்து?”

“மோந்து பாருங்க. குப்புன்னு நாறுனா அது புல்லு மருந்து. எஸ்டேட்டுல கெடந்தவங்களுக்கு இதுகூடவா சொல்லிக் குடுக்கணும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

செல்லத்துக்கு மூக்கு செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. எஸ்டேட் மருந்து தின்ற மூக்கு. அதைச் சொன்னால் வேலை போய்விடும். இரண்டு டப்பாக்களையும் மோந்தாள். இரண்டும் வெறும் காற்றாக இருந்தன. கைக்குக் கிட்டே இருந்ததை எடுத்தாள்.

எதையும் அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. ஏணி வைத்து ஏறி, உள்கிளைகளை விலக்கி, ஒரு கொத்தைக்கூட விடாமல் நனைத்தாள்.

அந்த வாரமே மரங்கள் தீயில் வாட்டியதுபோலக் கருகின. புழுக்கள் சாகவில்லை. மூட்டையிலிருந்து தலையை நீட்டி, அடுத்த மரத்தைத் தேடிக்கொண்டிருந்தன.

“புல்லு மருந்த மரத்துல அடிச்சது யாரு? யாரு இந்தம்மா? உங்க ஆளா?” என்று கத்தினார் சைஃபுல்லா.

“எனக்குத் தெரியாது பாஸ். ஏஜண்ட் அனுப்புன மக்சிக். வேலை தெரியும்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கு,” என்றான் சுகுமாறன்.

வந்திருக்கு. மாட்டைச் சொல்வதுபோலச் சொன்னான்.

சைஃபுல்லா அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, முன்னாடியே இவர உனக்குப் பழக்கமா?”

சுகுமாறனின் கழுத்தில் வேர்வை இறங்கியது. இஸ்திரி போட்ட காலர் நனைவதை அவள் பார்த்தாள்.

“இல்லைங்க. இங்க வந்துதான் பாத்தேன்.”

“அந்தப் புழு அத்தனையையும் கையால பிடுங்கிப் போட்டுட்டு வெளிய போ. நாளையிலிருந்து வராத.”

செத்த மரங்களில் ஏறினாள். ஒவ்வொரு மூட்டையாகக் கத்தரித்து, சோப்புக் கரைத்த நீர் வாளியில் போட்டு அமுக்கினாள். ஆட்கள் கலைந்த பிறகு சுகுமாறன் ஏணிக்குக் கீழே வந்து நின்றான். அவள் கையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“அக்கா, நாளைக்கு விருந்து. அந்த வெள்ளைச் சட்டையத் தேய்ச்சு வெச்சிடு.”

“கஞ்சி போடணுங்களா சார்?” என்று கேட்டாள் செல்லம். பக்கத்தில் யாருமே இல்லை.