சேதிக்குத் தாளம் கிடையாது

காற்று கிழக்கிலிருந்து அடித்தால் எங்கள் கொல்லைக்குச் சேதி வரும். நகராட்சிப் பூங்காவில் ஒரு கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்த 'கொழா' என்கிற ஒலிபெருக்கியிலிருந்து சாயங்காலச் செய்தி ஒலிக்கும். கடைத்தெரு இரைச்சலையும் வண்டி மாடுகளின் மணியையும் தாண்டி, பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் முட்டி மோதி, எங்கள் கிணற்றடிக்கு வந்து சேரும்போது அது பாதி வாக்கியமாகத்தான் இருக்கும். ஆணின் குரலா பெண்ணின் குரலா என்றுகூடத் தெரியாது, தகரத்தில் தேய்த்தது போலக் கரகரவென்றிருக்கும். துணி பிழிந்துகொண்டிருக்கும் அம்மா அப்படியே நின்றுவிடுவாள். தண்ணீர் முழங்கை வழியாக வடிந்து புடவையை நனைக்கும். "அரிசி" என்று ஒரு சொல் வரும், "நாளை முதல்" என்று இன்னொன்று வரும், அதற்குள் காற்று திரும்பிவிடும். நாளை முதல் என்ன? அரிசி கிடைக்குமா, கிடைக்காதா? அதைத் தெரிந்துகொள்ளப் பெரியப்பா வீடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

பூங்கா ஒன்றும் தொலைவில் இல்லை. ஆனால் பொழுது சாயும் நேரத்தில் அங்கே போய்ப் புல்தரையில் உட்கார்ந்து ரேடியோ கேட்பது ஆண்களுக்கு மட்டுமே உரிய காரியமாக இருந்தது. பெண்கள் கோயிலுக்குப் போகலாம், குழாயடியில் குடத்தோடு நிற்கலாம், கடைக்குப் போய் ஜரிகை வாங்கி வரலாம். பார்க்கில் 'குந்திக்கினு' சேதி கேட்டால் மட்டும் குடும்ப மானம் போய்விடும். எந்தச் சட்டத்தில் அப்படி எழுதியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன், பெரியம்மா இறந்த பிறகு எங்களோடு இருந்தவர், வீட்டின் கடைசிச் சொல் அவருடையது. நல்ல நெசவுக்காரர். அம்மாவின் கல்யாணக் கூறைப்புடவை அவர் கையால் நெய்தது. அதை மாதம் ஒரு தரமாவது யாரிடமாவது சொல்லிவிடுவார். பூங்காவிலிருந்து வந்து கால் கழுவி, சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அப்பாவைப் பார்த்துச் சேதி சொல்வார். "பட்டு நூலு வெல ஏறுதாம்பா. வடக்க வெள்ளமாம். மத்தது எல்லாம் நமக்குத் தேவையில்லாதது." சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கும் அம்மாவுக்கு அந்த 'மத்தது எல்லாம்' என்ற சொல்லைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் புருஷனின் அண்ணன் எதிரில் நின்று பேசுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. அதனால் நான்தான் நடுவில் நிற்க வேண்டும். "மத்ததுன்னா என்னான்னு பெரியப்பாவைக் கேளுடி" என்பாள். நான் போய்க் கேட்பேன். அவர் என்னைப் பார்த்தே பதில் சொல்வார்: "சோறு கொழஞ்சிருக்குதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

இப்போது என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரே பாட்டுத்தான். செல்போன் வந்தது, குடும்பம் கெட்டது, டி.வி. வந்தது, பேச்சு போச்சு; ரேடியோவும் இல்லாத காலத்தில் எவ்வளவு நிம்மதி. யாருக்கு நிம்மதி ஐயா? பெரியப்பாவுக்கு நிம்மதி. கதவுக்குப் பின்னால் நின்றவளைக் கேட்டுப் பார்த்தீர்களா? எங்கள் அம்மாவுக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்டது. உலகம்தான் இன்னொருவர் வாய் வழியாக, அவர் வேண்டாம் என்று ஒதுக்கியது போக மிச்சமாக, அவளுக்கு வந்தது. அந்தக் காலத்தை நான் ஒருநாளும் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன்.

நான் பெரியவளானபோது மஞ்சள் நீர் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். புடவையும் காதுக்கு ஜிமிக்கியும் என்று பேச்சு. மாமா மெட்ராசில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். சேதி கேட்டு வந்த அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்ட அம்மா, "ஜிமிக்கி வேணாம்பா. ரேடியோ வாங்கிக்கினு வா" என்று சொல்லிவிட்டாள். சடங்கன்று சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன: தேங்காய், வாழைப்பழம், புடவை, கண்ணாடி வளையல், கடைசித் தட்டில் பழுப்புத் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர், அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து. கூட்டம் வாயைப் பிளந்தது. பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "காதுக்குச் சீர் செய்யின்னா ரேடியோவைக் கொண்டாந்திருக்கிறான்" என்றார் பொதுவாக. அம்மா என் காதருகே குனிந்து, "அதுவும் காதுக்குத்தான்னு சொல்லுடி" என்றாள். மணையில் உட்கார்ந்தபடி நான் அதை உரக்கச் சொன்னேன். சபையே சிரித்தது. எனக்கோ ஜிமிக்கி போன துக்கத்தில் அழுகை வந்தது, உண்மையைச் சொல்வதற்கென்ன.

அன்று சாயங்காலம் தறிக்கூடத்துப் பலகையில் ரேடியோவை வைத்துத் திருகினார்கள். கரகரப்பு ஓய்ந்து செய்தி வந்தது. தெளிவான, நிதானமான, அதிகாரமான ஒரு பெண்குரல். அம்மா கையிலிருந்த நூல்கண்டை நழுவவிட்டாள். எத்தனை வருஷமாகப் பெரியப்பா பூங்காவுக்குப் போய் வருகிறார்! வெள்ளத்தைச் சொன்னார், விலைவாசியைச் சொன்னார். சேதி சொல்பவர்களில் ஒருத்தி பெண் என்பதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கேட்டேன். பெரியப்பா, "சேதிதாம்மா முக்கியம். யார் சொன்னா என்னா?" என்றார். "அப்போ யார் கேட்டா என்னான்னு கேளு" என்றாள் அம்மா. அதை நான் போய்ச் சொல்லத் தேவைப்படவில்லை, அவர் காதில் நன்றாகவே விழுந்துவிட்டது.

ஒரு சின்னப் பெட்டி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் எங்கள் உடம்பும் பொழுதும் மாறத் தொடங்கின. கோயில் மணியையும் சுவரில் ஏறும் வெயிலையும் பார்த்து உலை வைத்த அம்மா, இப்போது செய்திக்கு முன் வரும் 'டொய்ங்' ஓசைக்கு உலை வைத்தாள். சார்ஜ் இறங்கிய பேட்டரிக் கட்டைகள் வற்றலோடு சேர்ந்து மொட்டைமாடி வெயிலில் காய்ந்தன. தறிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்களும் இடுப்புக் குழந்தையோடு வந்து நின்று, போகாமல் நின்றார்கள். அம்மாவின் பேச்சே மாறிவிட்டது. "இன்று குழம்பில் உப்பு ஓரளவு கூடுதலாகக் காணப்படும்" என்று அப்பாவுக்குப் பரிமாறுவாள். அப்பா அதிகம் பேசாதவர், அவரே ஒருநாள், "மழை பெய்யக்கூடுமா?" என்று கேட்டார்.

வினை பாட்டில் வந்தது. எங்கள் ஊர்ச் சேலைக்குக் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் இழை இழையாகக் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். அப்பா தறிக்குழியில் இறங்கி உடலை நெய்வார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவை எறிவாள். கை கைக்கு ஒத்துப்போக வேண்டும், ஒரே வேகத்தில் ஒரே அழுத்தத்தில் இழையை நெருக்கும் அடி விழ வேண்டும். மத்தியானத்தில் கடல் தாண்டியிருந்த ஒரு நிலையம் சினிமாப் பாட்டாகப் போட்டுத் தள்ளும். துள்ளல் பாட்டு வந்தால் அப்பாவின் கை அவருக்கே தெரியாமல் துள்ளும், அடி லேசாக விழும், நெசவு இளகும். சோகப் பாட்டு வந்தால் கை இழுத்து இழுத்து அடிக்கும், நெசவு இறுகும். முடித்த சேலையைக் கடைக்காரர் வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். குறுக்கே வெளிர் பட்டையும் அடர் பட்டையுமாக ஓடியது. "என்னாப்பா இது, சேலையா வரிக்குதிரையா?" என்று அப்பாவின் தோளிலேயே போட்டு அனுப்பிவிட்டார்.

பெரியப்பாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கூடத்தின் நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னேன். பொம்பள கேட்டுட்டான்னு வூட்டுக்குள்ள ரேடியோவை விட்டா இப்படித்தான். அதைக் கொண்டுபோய்ச் சங்கத்துப் படிப்பகத்துல வெச்சிடலாம். ஆம்பளைங்க நாலு பேரு கேப்பாங்க." அப்பா தலை குனிந்து நின்றார். தொழில் கெட்டது உண்மை. ரேடியோ படிப்பகத்துக்குப் போனால் அம்மா மறுபடி கிணற்றடிக்கும் கிழக்குக் காற்றுக்கும் போக வேண்டியதுதான்.

அம்மா உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கூறைப்புடவையோடு திரும்பி வந்து, ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்தபடி வாசல் வெளிச்சத்தில் விரித்தாள். வழக்கம்போல் அவள் சொல்வதைக் கொண்டுபோய்ச் சேர்க்க நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இருடி" என்றாள். பிறகு, என் நினைவு தெரிந்து முதல் தடவையாக, பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"மாமா, இது நீங்க நெய்ஞ்சது. வெளிச்சத்துல பாருங்க."

பார்த்தோம். அரக்கு நிற உடலில், இடுப்பில் கொசுவம் வைக்கும் பகுதியில், ஒரு முழத்துக்கு வெளிர் பட்டை, அடர் பட்டை, மறுபடி வெளிர் பட்டை. கல்யாணமான வருஷமே கொடியில் காயப்போடும்போது அம்மா அதைப் பார்த்துவிட்டிருக்கிறாள். அத்தனை வருஷமும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

"ஆவணியில கல்யாணம். ஆடியில நெய்ஞ்சேன்னு நீங்களே சொல்லுவீங்க. கூழ் ஊத்தற திருவிழாவுக்கு வேப்பமரத்துல கொழா கட்டிப் பாட்டு போட்டாங்க. அப்போ இந்த வூட்ல ரேடியோ ஏது? காது இருக்கறவங்க நெய்ஞ்சா இப்படித்தான் ஆவும். உங்க காது பாட்டு கேட்டா திருவிழா, என் காது கேட்டா தப்பா?"

புடவை முனையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பேச்சை நிறுத்தவில்லை. "பாட்டு, நாடாவுக்கு நூல் தார் சுத்தும்போது கேட்டுக்கிறோம். தறி ஓடும்போது சேதி மட்டும். சேதிக்குத் தாளம் கெடையாது, அது கையை இழுக்காது. ஆனா ரேடியோ இந்த வூட்டை விட்டுப் போவாது மாமா. அது என் பொண்ணோட சீரு."

பெரியப்பா புடவையருகே குனிந்து, நகத்தால் இழையை நெருடிப் பார்த்தார். கடைசியில், "அந்த வருஷம் பாவிப்பசங்க கொழாவை நம்ம வூட்டுக்கு நேராக் கட்டிட்டானுங்க" என்றார், மைக் செட்காரன் எதிரில் நிற்பதுபோல. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் முன்னால் அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு எங்கள் தறி சேதியில் ஓடியது. பயிர், பாசனம், நாடாளுமன்றம், உடல்நலக் குறிப்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நெய்த சேலைகளில் ஒரு பட்டையும் விழவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களை அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஒரு மழைக்காலத்தில் முழங்கால் வலியோடு பூங்காவுக்குப் போக முடியாமல் படுத்திருந்த பெரியப்பா, என்னைக் கூப்பிட்டு, "காலையில சேதியில என்னா சொன்னாங்கன்னு உங்கம்மாவைக் கேளு" என்றார். போய்க் கேட்டேன். அம்மா நாடாவை நிறுத்தாமல், "மத்தது எல்லாம் அவருக்குத் தேவையில்லாததுன்னு சொல்லுடி" என்றாள். உடனே சிரித்துவிட்டு, எழுந்து போய், அவர் கட்டிலுக்கு எதிரே நின்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

இன்று அந்தக் கம்பமும் இல்லை, அதன் உச்சியில் இருந்த கொழாயும் இல்லை. அம்மா இல்லை, பெரியப்பா இல்லை. தோல் உறை மட்கி, ரேடியோவும் ஒருநாள் பேச்சை நிறுத்தியது. இப்போது எங்கள் தெருவில் ஒரே தறியில் உட்காரும் இரண்டு பேரும் காதில் ஆளுக்கொரு கருவியைச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு பாட்டுக் கேட்கிறார்கள். சத்தமே வெளியில் வருவதில்லை, ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்க யாருக்கும் வழியில்லை. அது எனக்கும் வருத்தம்தான், மறைக்கவில்லை. அதற்காக அந்தக் கருவியைப் பிடுங்கு, பெண்ணிடமிருந்து முதலில் பிடுங்கு என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால், முதல் ஆளாக நான் குறுக்கே நிற்பேன்.

கடைக்காரர் திருப்பி அனுப்பிய சேலையை அம்மா விற்கவிடவில்லை. என் கல்யாணத்துக்கு அதைத்தான் கொடுத்தாள். உறவில் எந்த விசேஷம் வந்தாலும் அதைத்தான் கட்டுகிறேன். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தலில், பட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு உறவுக்காரப் பையன் முந்தானையைத் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அக்கா, பட்டை பட்டையா இருக்குதே. யாரோ உங்களை நல்லா ஏமாத்தி இருக்காங்க" என்றான்.

"யாரும் ஏமாத்தலப்பா" என்றேன். "எங்கம்மா ரேடியோ கேட்டாங்க."