காளியிடம் நான் கேட்ட கேடு

கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நல்லது கேட்டு, அது நடந்த கதையைச் சொல்வார்கள். பிள்ளை கேட்டேன், கொடுத்தாள். வேலை கேட்டேன், கொடுத்தாள். நான் ஒருவனுக்குக் கேடு கேட்டேன். அதையும் கொடுத்தாள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் பாண்டிச்செல்வி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். பிளவுஸ் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் மாயாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு வருடம் முன்பு சித்திரை மாதம், ஊர்ப்பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பெண். அழுகைச் சத்தம் கேட்டது. சிரித்தேன். அதற்குள் முதுகுக்குக் கீழே சூடாக ஏதோ பரவியது. தண்ணீர் என்று நினைத்தேன். ரத்தம்.

டாக்டரம்மா நல்லவர்தான். பதறாமல் வேலை செய்தார். கர்ப்பப்பையைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்துகிற ஊசியைப் போடச் சொன்னார். நிற்கவில்லை.

"இன்னொண்ணு போடு சிஸ்டர்."

"போட்டாச்சு மேடம். கேக்க மாட்டேங்குது."

"எப்படிக் கேக்காம போகும்? இன்னொண்ணு உடை!"

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வாய்க்குள்ளேயே எங்கள் காளியாத்தாளைக் கூப்பிட்டேன். "ஆத்தா, எதை வேணா எடுத்துக்க. பிள்ளைக்கு ஒரு வாய்ப் பால் குடுக்க விடு."

அவள் எடுத்துக்கொண்டாள். ஆம்புலன்சில் மதுரைக்குக் கொண்டுபோய் கர்ப்பப்பையையே அகற்றினார்கள். எத்தனையோ பேர் ரத்தம் கொடுத்தார்கள். நான் பிழைத்தேன். அந்த மட்டில் என் முதல் வேண்டுதல் பலித்தது.

செல்லத்தாய் பிழைக்கவில்லை. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர்ப் பெண். மாதாமாதம் அதே ஆஸ்பத்திரிக்கு அவளும் வருவாள். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது கல்லுப்புப் போட்ட மாங்காய்க் கீற்றை எனக்கும் நீட்டுவாள். "தின்னுக்க அக்கா, டாக்டர் பார்த்தா திட்டும்" என்பாள். எனக்கு அடுத்த வாரம் அவளுக்குப் பிரசவம். அதே ஆஸ்பத்திரி, அதே ஊசி. ஆம்புலன்ஸ் மதுரை போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள். ஆண் பிள்ளை. முகம்கூடப் பார்க்கவில்லையாம்.

தையல் பிரிக்கப் போனபோது மதுரை டாக்டரிடம் கேட்டேன். அத்தனை ஊசி போட்டும் ஏன் நிற்கவில்லை என்று.

அவர் யோசித்துத்தான் பேசினார். "உங்க விஷயத்துல இதுதான்னு சோதிக்காம சொல்ல முடியாதும்மா. ஆனா அந்த மருந்து குளிர்லயே இருக்கணும். கம்பெனியிலேர்ந்து உங்க உடம்புக்குள்ள போற வரைக்கும். வெயில்ல கெடந்தா வீரியம் போயிடும். பாக்குறதுக்கு மருந்தாத்தான் இருக்கும். தண்ணிக்குச் சமம்."

உள்ளூர் டாக்டரம்மாவிடம் போனோம். செல்லத்தாய் செத்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார், கண்ணே சொன்னது. ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். "நான் ஒழுங்காத்தான் வச்சிருக்கேன். எனக்கு வரும்போதே வெந்து வந்திருந்தா நான் என்ன செய்வேன்?" மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சொன்னார்.

அந்த மொத்த வியாபாரியின் பெயரை நான் வாயால் சொல்ல மாட்டேன். எழுதவும் மாட்டேன். அவன் என்றே சொல்கிறேன்.

பெயரைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன மாமா?"

"அவரு குடோனுக்கு நான்தான் லோடு அடிக்கிறேன் புள்ள. திருமங்கலம் ரோட்டுல தகர ஷெட்டு. உள்ள காலு வைக்க முடியாது, அம்புட்டு அனல். ஐஸ் பெட்டியில வர்ற மருந்தையும் அங்கதான் எறக்கிப் போடுவோம். நாள் கணக்கா கெடக்கும். குளிர் ரூமு இருக்கு. கரண்டு பில்லு ஏறுதுன்னு அணைச்சு வச்சிருப்பாரு."

"அப்ப நீங்க போயி அதிகாரிககிட்டச் சொல்லுங்க."

"வண்டிக்கு வேற லோடு இல்ல செல்வி. அவரு பெரிய மனுஷன். நம்ம சொல்லு எடுபடுமா?"

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எந்த வார்த்தையில் சொல்வது? பால் கொடுக்கும்போதுகூட உடம்பு கொதித்தது. அவன் மேல் பாதி, இவர் மேல் பாதி.

எங்கள் காளி கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நியாயம் கிடைக்காதவர்கள் ஆத்தா முன்னால் ஒரு நாணயத்தை உளியால் இரண்டாக வெட்டிப் போட்டு, வழக்கை அவளிடம் ஒப்படைத்துவிடுவார்கள். காசு வெட்டிப் போடுவது என்று சொல்வோம். வெட்டியபின் எதிராளி கெடுவான் என்பது நம்பிக்கை. ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப் பூசைக்குப் போனேன். ஆத்தாள் தலைக்கு மேலே எரிகிற டியூப் லைட்டில் அவன் பெயர். மணி மண்டபக் கல்வெட்டில் அவன் பெயர். பங்குனித் திருவிழாவில் முதல் மரியாதையும் அவனுக்குத்தான். இவள் யார் பக்கம் நிற்பாள் என்று ஒரு நிமிஷம் பயம் வந்தது.

பூசாரி உளியை எடுத்துக் கொடுத்தார். "யாரு மேல தாயி?"

"அவளுக்குத் தெரியும்."

வெட்டினேன். நான் அவளிடம் கெஞ்சவில்லை. "உன் தலைக்கு மேல வெளக்குப் போட்டவன் எங்க வயித்துல வெளக்க அணைச்சிட்டான். அவன் பட்ட மரமா நிக்கணும். ஊரு பாக்க நிக்கணும். எம் புருஷன் வாயைத் தொற. வர்ற பங்குனிக்குள்ள ரெண்டும் நீ செய்யலைன்னா அப்புறம் உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விபூதி வாங்காமல் திரும்பினேன்.

மாதங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. அவன் புதுக் கார் வாங்கினான். மகளுக்குப் பெரிய மண்டபத்தில் கல்யாணம் செய்தான். நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் போய் ஆத்தாளை முறைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் அவனுக்கே லோடு அடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. சோற்றைப் போடுவேன், நகர்ந்துவிடுவேன்.

பங்குனித் திருவிழா வந்தது. கொட்டு முழங்குகிறது. கூட்டம் நெரிகிறது. அவன் பட்டு வேட்டியில் கைகூப்பி நிற்கிறான். பூசாரி அவன் தலையில் மரியாதைத் துணியான பரிவட்டத்தைக் கட்டக் கையைத் தூக்கினார். என் கால் தானாக நடந்தது. கொண்டை அவிழ்ந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

"ஏய், ஆத்தா வந்திருக்கா! வழிய விடுங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். கொட்டு நின்றது. அவனே குனிந்து கும்பிட்டான்.

"ஆத்தா, என்ன குறை வச்சேன்? சொல்லு தாயி."

"ஆத்தா வரல. நான் பாண்டிச்செல்வி. பிள்ளை பெத்தவளுக்குப் போடுற ஊசியை எங்கய்யா வச்சிருந்த?"

அவன் முகம் மாறியது. "இந்தப் பொம்பள யாரு? புடிச்சு வெளிய விடுங்க."

"என் கர்ப்பப்பை எங்கய்யா? செல்லத்தாயி எங்கய்யா?"

இரண்டு பேர் என் கையைப் பிடித்தார்கள். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். அன்றைக்கு மைக் தேவைப்படவில்லை.

"அவ கையை விடுங்கடா. அவ சொல்றது உண்மை. அந்த மருந்தை எறக்குனவன் நான். தகர ஷெட்டுல வெந்துக்கிட்டுக் கெடக்கு. இப்பக்கூடக் கெடக்கு. யாரு வேணா வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

செல்லத்தாயின் மாமியார் கூட்டத்தில் இருந்திருக்கிறார். அவர் எழுப்பிய ஓலம் இன்னும் என் காதில் இருக்கிறது. பூசாரி கையை இறக்கினார். பரிவட்டத் துணியை மடித்து ஆத்தாள் காலடியில் வைத்துவிட்டார். "கட்ட மாட்டேன்யா. போயிரு" என்றார். அவ்வளவுதான். பட்டு வேட்டியோடு, வெறுந்தலையோடு, ஊரே பார்க்க அவன் நடந்து போனான். வழி விட்டவர்கள் யாரும் கும்பிடவில்லை.

மறுநாள் என் வீட்டுக்காரரும் டாக்டரம்மாவும் மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். குடோனில் மாதிரி எடுத்தார்கள். சோதனையில் அந்த ஊசியில் இருக்க வேண்டிய வீரியம் இல்லை என்று வந்தது. ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். லைசென்ஸ் போனது. வழக்கு நடக்கிறது. கோர்ட் வராந்தாவில் அவன் பெயரைக் கூப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போவதை நானே போய்ப் பார்த்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மனசு குளிர்ந்தது. மறைக்க மாட்டேன்.

மன்னித்து விடு, பாவம் வயசானவன் என்கிறார்கள். மன்னிக்க வேண்டியவள் செத்துப்போய்விட்டாள். அவள் பங்கை நான் எப்படிக் கொடுப்பது?

ஆனால் ஆத்தாள் என்னைச் சும்மா விடவில்லை. இப்போது எங்கள் பக்கத்தில் யாருக்குப் பிரசவம் என்றாலும் நானும் கூடப் போகிறேன். போனதும் முதல் கேள்வி, "அந்த ஊசி ஃபிரிட்ஜுலயா இருக்கு? எங்க வாங்குனீங்க?" சில இடத்தில் முறைப்பார்கள். முறைக்கட்டும். டாக்டரம்மா மட்டும் நான் வாசலில் வந்தாலே சிரித்துக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறந்து காட்டுகிறார். என் வீட்டுக்காரருக்கு வேறு லோடு கிடைத்துவிட்டது, காய்கறி. நாங்கள் மறுபடி பேசிக்கொள்கிறோம். செல்லத்தாயின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மகளின் முடியைப் பிடித்து இழுக்கிறான்.

தாய்மார்களே, அநியாயம் பட்டவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், எங்கள் ஆத்தாளிடம் வாருங்கள். கோபத்தோடு சாமி முன்னால் போகக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் கோபத்தோடுதான் போனேன். அவள் அதை வாங்கிக்கொண்டாள். நேராக நின்று, உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று அவளிடம் சத்தமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அதையே வெளியே வந்து ஊருக்கும் சொல்லுங்கள். அவள் கேட்கிறாள்.