புறவாசலுக்குப் போன மெஷின்

எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினை அடுப்படியிலிருந்து புறவாசலுக்குத் துரத்தியது நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது, வாய்க்கு மட்டும் எண்பது வயது.

பாளையங்கோட்டையில் புது வீடு கட்டி வந்திருந்தோம். ஊருக்கெல்லாம் தாமிரபரணி, எங்கள் தெருவுக்கு மட்டும் போர் தண்ணீர். வாயில் வைத்தால் உப்பு கரிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெஷினைச் சுத்தம் செய்ய ஓர் அண்ணன் வருவார். அடுப்படித் தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்து, காவியேறிப்போன ஃபில்டரை உருவி எனக்குக் காட்டுவார். "பாத்தியா பாப்பா, இம்புட்டு அழுக்கு!" அப்பாவுக்கு அவர்மேல் தனிப் பிரியம். "பாத்தா நம்ம பய மாதிரிலா இருக்கான்" என்பார்.

ஒருநாள் அந்த அண்ணன், "எங்க தெருக்கோயில்ல கொடை, அப்பா அம்மாவோட வா பாப்பா" என்றார். எனக்குக் கோயில் திருவிழாவில் கரகாட்டம் பார்க்க ஆசை. சாப்பிடும்போது அவர் தெருப்பேரையும் சாமிபேரையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அப்பா பிசைந்த கையோடு அப்படியே இருந்தார். அம்மா, "அடப்பாவி, இத்தனை நாளும் அடுப்படி வரைக்கும்லா வந்திருக்கான்" என்றாள். கொடைக்கு யாரும் போகவில்லை. நான் அழுது புரண்டதுதான் மிச்சம்.

அடுத்த வாரமே, பழையது போதாதென்று அதைக் கழற்றிவிட்டுப் பெரிய மெஷின் வந்தது. அதைப் புறவாசல் சுவரில் மாட்ட வேண்டுமாம். கூத்தைக் கேளுங்கள், மாட்ட வந்ததும் அதே அண்ணன்தான்.

"இங்கன வெயில் நேரா அடிக்கும் சார். பாசி பிடிக்கும், உள்ள வடிகட்டுத மெம்பரேன் சீக்கிரம் போயிரும்."

"கழிவுத் தண்ணி வாழைக்குப் போகட்டும்னு பாக்கேன். அங்கனயே மாட்டு."

அவர் அடுப்படிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு சுவரில் துளை போட்டார். முதல் டேங்க் தண்ணீரைக் குடிக்காமல் கீழே விட்டுவிடச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா மூன்று டேங்க் விட்டாள்.

அடுத்த தடவை அவர் வந்தபோது நான் சும்மா இருந்தேனா? "நீங்க போன பொறவு அம்மா இன்னும் ரெண்டு டேங்க் கீழ விட்டாவ. ஒங்க கை பட்டுட்டுல்லா, அதுக்குத்தான்." ஏதோ மெஷினுக்கான விதியைத் தெரிந்துவைத்திருக்கிற பெருமை எனக்கு. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"செய்யட்டும் பாப்பா" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

உச்சி வெயிலில் வேலையை முடித்து எழுந்தவருக்குச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நானே ஓடிப்போய் அந்த மெஷினில் ஒரு தம்ளர் பிடித்து நீட்டினேன். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, பைக்குள்ளிருந்து தன்னுடைய பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

உள்ளே ஓடினேன். "அந்த அண்ணனுக்கு அவரு மாட்டுன மெஷின் மேலயே நம்பிக்கை இல்ல!" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் கூடச் சிரித்தார்.